வாசலில் சொல்லப்படாத காரணம்

பல்லடத்திலிருந்து திருப்பூர் போகும் சாலையில் மின்கம்பங்களிலும் பனியன் கம்பெனி கேட்டுகளிலும் 'ஆட்கள் தேவை' நோட்டீஸ்கள் ஒட்டியிருக்கும். அவற்றை நின்று படித்துப் பாருங்கள். வேலையைப் பற்றி ஒரு வரிதான் இருக்கும்: செக்கிங், டெய்லர், ஹெல்பர். மற்ற வரிகள் ஆளைப் பற்றியவை. பெண்கள் மட்டும். வயது 18 முதல் 30 வரை. தங்கும் இடம் இலவசம். சூப்பர்வைசர் தேடும் நோட்டீஸில் அதே வரிகள் மாறிவிடும்: ஆண்கள் தேவை, அனுபவம் அவசியம்.

பனியனில் ஓட்டை விழுந்திருக்கிறதா, தையல் விட்டிருக்கிறதா, எண்ணெய்க் கறை பட்டிருக்கிறதா என்று பார்ப்பதுதான் செக்கிங். அதற்குக் கண்ணும் கவனமும் வேண்டும். 31 வயது பிறந்ததும் அந்தக் கண் மங்கிவிடுவதில்லை. அப்படியானால் நோட்டீஸில் இருக்கும் வயது எதை அளக்கிறது?

கேட்டில் போய்க் கேட்டால் பதில் கிடைக்காது. பக்கத்து ஊரிலிருந்து பஸ் ஏறி வந்த 38 வயதுப் பெண்ணிடம், "ஆள் எடுத்தாச்சுங்க" என்று மட்டும் சொல்லப்படும். உண்மையிலேயே ஆள் எடுத்துவிட்டார்களா, வயதைப் பார்த்தார்களா, கழுத்தில் இருக்கும் தாலியைப் பார்த்தார்களா என்பது அவருக்குத் தெரிய வழியில்லை. சொன்னவரே கூட அதை முழுதாக அறிந்திருக்க மாட்டார். ஒருவர் மனதுக்குள் கணப்பொழுதில் நடந்து முடிந்துவிடும் இந்தத் தீர்ப்பை வெளியே இழுத்து எண்ணாக்கிக் காட்ட முடியுமா? முடியும் என்று காட்டியதுதான் கடந்த அரை நூற்றாண்டில் சமூக அறிவியல் செய்த அருமையான வேலைகளில் ஒன்று.

ஒரு மறுப்பு சாட்சி ஆகாது

ஒருவருக்கு வேலை மறுக்கப்பட்டால் அதற்கு நூறு காரணங்கள் இருக்கலாம். வந்தவரின் அனுபவம் குறைவாக இருந்திருக்கலாம், முந்தி வந்தவர் கெட்டிக்காரராக இருந்திருக்கலாம். எனவே தனி ஒரு மறுப்பை எத்தனை நுணுக்கமாக ஆராய்ந்தாலும் பாகுபாடு பிடிபடாது. மற்ற எல்லாவற்றையும் சமமாக வைத்து, ஒன்றை மட்டும் மாற்றிப் பார்க்க வேண்டும். மனிதர்களை அப்படிச் சமமாக்க முடியாது. ஆனால் காகிதத்தில் இருக்கும் மனிதர்களைச் சமமாக்கலாம்.

1960-களின் இறுதியில் பிரிட்டனில் இந்த எண்ணம் செயலுக்கு வந்தது. ஒரே தகுதியுள்ள இரண்டு விண்ணப்பங்களைத் தயாரித்து, விண்ணப்பிப்பவரின் பின்னணியை மட்டும் மாற்றி, ஒரே முதலாளிக்கு அனுப்பினார்கள். யாருக்குப் பதில் வருகிறது என்று எண்ணினார்கள். ஒரு முதலாளியின் பதில் எதையும் சொல்லாது. ஆயிரம் முதலாளிகளின் பதில்களைக் கூட்டும்போது தற்செயல்கள் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு மறைந்துவிடும். மிச்சம் நிற்பது மாற்றிய அந்த ஒன்றின் விளைவு மட்டுமே. 2007-இல் வெளிவந்த ஆய்வில் சுகதேவ் தோரட்டும் பால் அட்டிவெல்லும் இதே முறையில் இந்தியத் தனியார் நிறுவனங்களுக்கு விண்ணப்பங்களை அனுப்பி, சாதியையும் மதத்தையும் காட்டும் பெயர்கள் எவ்வளவு தூரம் கதவை அடைக்கின்றன என்று அளந்தார்கள்.

வயதை இப்படி அளப்பதில் ஒரு சிக்கல் உண்டு. 30 வயதுக்காரருக்கு ஐந்து வருட அனுபவம் என்று எழுதினால் இயல்பாக இருக்கும். 65 வயதுக்காரருக்கும் அதே ஐந்து வருடம் என்று எழுதினால், மீதி வருடங்கள் எங்கே போயின என்ற சந்தேகம் முதலாளிக்கு வரும். நாற்பது வருட அனுபவம் என்று எழுதினாலோ இருவரும் சமம் இல்லை. டேவிட் நியூமார்க்கும் அவருடைய இரு கூட்டாளிகளும் இந்த முடிச்சை அவிழ்க்க, முதியவர்களுக்குப் பல வகை விண்ணப்பங்களைத் தயாரித்தார்கள்: வயதுக்கேற்ற அனுபவம் உள்ளவை, இளையவருக்குச் சமமான அனுபவம் மட்டும் உள்ளவை என்று. வயதை எங்கும் எழுதவில்லை. பள்ளிப் படிப்பை முடித்த ஆண்டு அதைச் சொல்லிவிடும். அமெரிக்காவின் 12 நகரங்களில் 40,000-க்கும் மேற்பட்ட விண்ணப்பங்கள் போயின. முடிவுகள் 2019-இல் வெளிவந்தன.

அலுவலக உதவியாளர் வேலைக்கு விண்ணப்பித்த பெண்களில், 30 வயதை ஒட்டியவர்களில் 100-க்கு 14 பேருக்குப் பதில் வந்தது. 50 வயதை ஒட்டியவர்களில் 10 பேருக்கு. 65 வயதை ஒட்டியவர்களில் 8 பேருக்கும் குறைவு. காகிதத்தில் திறமை ஒன்றே; கழிந்த வருடங்கள் மட்டுமே வேறு.

இரண்டு வரி சேர்ந்தால்

அந்த ஆய்வில் இன்னொரு கணக்கும் இருந்தது. கடை விற்பனை வேலைக்கு ஆண்கள், பெண்கள் இருவர் பெயரிலும் விண்ணப்பங்கள் போயிருந்தன. இளையவருக்கும் முதியவருக்கும் இடையே பதில்களின் சரிவு ஆண்களிடம் 30 சதவீதம், பெண்களிடம் 36 சதவீதம். வயது இருவரையும் தள்ளியது. பெண்ணை இன்னும் கொஞ்சம் கூடுதலாகத் தள்ளியது.

பாலினமும் வயதும் தனித்தனித் தடைகள் என்றுதான் நாம் நினைக்கிறோம். அவை ஒன்றோடொன்று கூடிக்கொள்ளும் விதத்தைப் பீட்டர் குன், கைலிங் ஷென் உள்ளிட்ட பொருளியலாளர்கள் சீனாவிலும் மெக்சிகோவிலும் உள்ள இணைய வேலைவாய்ப்புத் தளங்களில் கண்டார்கள். அந்த நாடுகளின் விளம்பரங்களில், நம் ஊர் நோட்டீஸ் போலவே, ஆணா பெண்ணா என்றும் என்ன வயது என்றும் முதலாளிகள் வெளிப்படையாக எழுதுவது வழக்கம். இளைய வயதினரைக் கேட்கும் விளம்பரங்கள் பெண்களை விரும்பிக் கேட்டன. மூத்த வயதினரைக் கேட்கும் விளம்பரங்கள் ஆண்களைக் கேட்டன. வயது ஏற ஏற விருப்பம் பெண்ணிடமிருந்து ஆணிடம் திரும்பியது. வரவேற்பு, உதவியாளர் போன்ற வேலைகளுக்கு இளம் பெண். மேற்பார்வைக்கும் நிர்வாகத்துக்கும் மூத்த ஆண். செக்கிங்குக்கும் சூப்பர்வைசருக்கும் பல்லடத்து நோட்டீஸ்கள் போடும் கோடு இரண்டு கண்டங்களில் அப்படியே இருந்திருக்கிறது.

இந்தத் திருப்பம் நிகழும் வயதில் ஒரு பெண்ணின் வாழ்க்கையில் என்ன நடக்கிறது என்பதை ஷெல்லி கோரெல் குழுவினர் 2007-இல் தனியாகப் பிரித்துக் காட்டினார்கள். சமத் தகுதியுள்ள இரண்டு பெண்களின் விண்ணப்பங்கள். ஒன்றில் மட்டும், பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் கழகத்தில் பொறுப்பு வகிப்பவர் என்ற ஒரு குறிப்பு. அதாவது அவர் ஒரு தாய். அந்தக் குறிப்பு இல்லாத பெண்ணுக்குத் தாயைவிட இரு மடங்கு பதில்கள் வந்தன. ஆண்களின் விண்ணப்பத்தில் அதே குறிப்பைச் சேர்த்தபோது அவர்களுக்கு எந்த இழப்பும் ஏற்படவில்லை. பிள்ளை என்ற ஒரே செய்தி அப்பாவிடம் பொறுப்பாகவும் அம்மாவிடம் பாரமாகவும் படிக்கப்பட்டது. "கல்யாணம் ஆயிருச்சுங்களா, கைக்குழந்தை இருக்குதுங்களா?" என்று நம் மில் வாசல்களில் பெண்களிடம் மட்டும் கேட்கப்படும் கேள்வியும் இந்த வகைதான்.

கொங்கு ஆலைகளில் மாறிய விரல்கள்

1888-இல் ஸ்டேன்ஸ் மில்லோடு கோவையின் பஞ்சாலை வரலாறு தொடங்குகிறது. 1930-களில் பைக்காரா நீர்மின்சாரம் சமவெளிக்கு வந்தபின் ஆலைகள் வரிசையாக எழுந்தன. தொடக்க காலத்தில் ரீலிங், வைண்டிங் பிரிவுகளில் பெண்கள் ஏராளமாக இருந்தார்கள். 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் இரவில் பெண்களை வேலைக்கு வைப்பதைத் தடுத்தது. 1961-இல் மகப்பேறு உதவிச் சட்டம் வந்தது. மூன்று ஷிப்ட் ஓடும் ஆலைக்கு ஆண் வசதியாகிவிட்டான். நிரந்தரத் தொழிலாளி என்றால் ஆண் என்ற நிலை வந்தது. ரிங் ஃபிரேமில் சைடு பார்ப்பதும் அறுந்த நூலை இணைப்பதும் ஆணின் திறமை என்று அப்போது பேசப்பட்டது.

1990-களுக்குப் பிறகு காற்று திசை மாறியது. கோவை, திருப்பூர், ஈரோடு, திண்டுக்கல் மாவட்டங்களின் கிராமப்புறங்களில் எழுந்த புதிய ஆலைகள், அதே ரிங் ஃபிரேமுக்கு இளம்பெண்களைத் தேடின. மென்மையான விரல், பொறுமை, சொன்ன பேச்சு கேட்கும் குணம் என்று புதிய தகுதிகள் சொல்லப்பட்டன. இந்த வாதம் நம் ஊருக்கு மட்டும் உரியது இல்லை. ஆசிய, லத்தீன் அமெரிக்க ஏற்றுமதி ஆலைகளைப் பற்றி டயான் எல்சனும் ரூத் பியர்சனும் 1981-இலேயே எழுதினார்கள்: பெண்களின் விரல் வேகம் பிறவியில் வருவதில்லை, வீட்டில் சிறு வயது முதல் தைத்தும் பின்னியும் பழகிப் பெற்ற பயிற்சி. வீட்டில் கற்றது என்பதால் அதைத் திறமை என்று யாரும் எண்ணவில்லை, அதற்குக் கூலியும் தரவில்லை.

புதிய ஏற்பாட்டுக்குச் சுமங்கலித் திட்டம் என்றும் கேம்ப் கூலி என்றும் பெயர் வழங்கியது. மில் வளாகத்து விடுதியில் தங்கி மூன்று வருடம் வேலை. முடிவில் 30,000, 40,000, 50,000 என்று ஒரு தொகை, கல்யாணச் செலவுக்காக. அந்தத் தொகை அந்தப் பெண்ணின் சொந்தக் கூலியிலிருந்து பிடித்து வைத்தது. இடையில் உடம்புக்கு முடியாமல் ஊருக்குப் போனால் பலருக்கு அது கிடைக்கவில்லை. 14, 15 வயதுச் சிறுமிகளும் இதில் சேர்க்கப்பட்டதை, சோமோ, நெதர்லாந்து இந்தியக் கமிட்டி என்ற இரு அமைப்புகள் 2011-இல் வெளியிட்ட அறிக்கை உலகத்துக்குச் சொன்னது.

மூன்று வருடம் என்ற அளவு எங்கிருந்து வந்தது? தமிழ்நாட்டில் 1981-ஆம் ஆண்டின் ஒரு சட்டப்படி, 24 மாதங்களில் 480 நாள் தொடர்ந்து வேலை செய்த தொழிலாளி நிரந்தரமாக்கப்பட வேண்டும். அப்ரண்டிஸ் என்று பெயர் வைத்துவிட்டால் அந்தக் கேள்வியைத் தள்ளிப்போடலாம். பணிக்கொடைக்கு அப்போது ஐந்து வருடம் வேண்டியிருந்தது. மூன்றாம் வருடம் அவளே கல்யாணமாகிப் போய்விட்டால் இந்தக் கணக்குகள் எதுவும் எழாது. கல்யாணமாகாத பெண், வயது இருபதுக்குள் என்ற நிபந்தனையை இந்தச் சட்டங்களுக்குப் பக்கத்தில் வைத்துப் படித்தால், அதில் விரலைப் பற்றி எதுவும் இல்லை என்பது புலப்படும். வயது வரம்பு உழைப்பின் திறனை அளக்கவில்லை. ஒருத்தி எத்தனை காலம் இருப்பாள், எப்போது போவாள் என்பதை அளந்தது.

2024 ஜூனில் ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனம் ஸ்ரீபெரும்புதூர் ஃபாக்ஸ்கான் ஆலையைப் பற்றி ஒரு புலனாய்வை வெளியிட்டது. ஐபோன் பூட்டும் வேலைக்குத் திருமணமான பெண்கள் திட்டமிட்டுத் தவிர்க்கப்பட்டதாக அது கூறியது. குடும்பப் பொறுப்பு, கர்ப்பம், விடுப்பு ஆகியவை காரணங்களாகச் சொல்லப்பட்டன. அதே செய்தியில் இன்னொரு தகவலும் இருந்தது: உற்பத்தி நெருக்கடி மிகும் மாதங்களில் அந்தக் கட்டுப்பாடு தளர்த்தப்பட்டது. ஆர்டர் கூடியபோது செய்ய முடிந்த வேலையை, ஆர்டர் குறைந்தபோது மட்டும் அந்தப் பெண்களால் எப்படிச் செய்ய முடியாமல் போகும்? மத்தியத் தொழிலாளர் அமைச்சகம் தமிழ்நாடு அரசிடம் அறிக்கை கேட்டது. அந்த ஆண்டு நவம்பரில் ராய்ட்டர்ஸ் மீண்டும் எழுதியது: வயது, பாலினம், திருமண நிலை ஆகியவற்றை விளம்பரங்களில் போட வேண்டாம் என்று ஆள் சேர்க்கும் ஏஜென்சிகளுக்கு அந்நிறுவனம் சொல்லியிருந்தது.

முதலாளியின் கணக்கும் அதன் ஓட்டையும்

இப்படி ஆள் எடுப்பவர்கள் எல்லோரும் பெண்களை வெறுப்பவர்கள் என்று சொல்லிவிட முடியாது. 1957-இல் கேரி பெக்கர் பாகுபாட்டை ஒரு விருப்பு வெறுப்பாக வைத்து விளக்கினார். 1970-களின் தொடக்கத்தில் எட்மண்ட் ஃபெல்ப்ஸும் கென்னத் ஆரோவும் வேறொரு வழியைக் காட்டினார்கள். யார் மீதும் வெறுப்பே இல்லாத முதலாளியும் பாகுபாடு காட்டலாம். எதிரே நிற்பவர் எப்படி வேலை செய்வார் என்று அவருக்குத் தெரியாது. எனவே அவர் எந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவர் என்று பார்த்து, அந்தக் கூட்டத்தின் சராசரியை அவர் தலையில் ஏற்றுகிறார். கல்யாணமானவர்கள் வேலையை விட்டு நின்றுவிடுகிறார்கள் என்று கேள்விப்பட்டால், வந்து நிற்பவளும் நின்றுவிடுவாள் என்று முடிவு செய்கிறார்.

ஒரு கற்பனைக் கணக்கு போடுவோம். ஒரு மில்லில் கல்யாணமாகாதவர்கள் நூறு பேரில் இருபது பேர் ஒரு வருடத்துக்குள் நின்றுவிடுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். கல்யாணமானவர்கள் நூறு பேரில் முப்பது பேர். முதலாளி சொல்வது உண்மைதான், வித்தியாசம் இருக்கிறது. ஆனால் கல்யாணமான எல்லோரையும் மறுத்தால், வேலையில் தொடர்ந்து இருந்திருக்கக்கூடிய எழுபது பேரும் வெளியே போகிறார்கள். எடுத்துக்கொண்ட கூட்டத்திலும் இருபது பேர் நின்றுவிடத்தான் போகிறார்கள். சராசரி ஒரு கூட்டத்தைப் பற்றி உண்மை சொல்லும். எதிரே நிற்கும் ஒருத்தியைப் பற்றி மிகக் கொஞ்சமே சொல்லும்.

இதைவிட ஆழமான ஓட்டை ஒன்றை 1993-இல் ஸ்டீபன் கோட், கிளென் லவுரி இருவரும் கணிதமாக எழுதிக் காட்டினார்கள். நம்பிக்கை தன்னைத் தானே உண்மையாக்கிக்கொள்ளும். இவள் எப்படியும் போய்விடுவாள் என்று நினைப்பவர் அவளுக்கு ஓவர்லாக் கற்றுத்தர மாட்டார், பேட்லாக்கில் உட்கார வைக்க மாட்டார். பிசிர் வெட்டவும் அடுக்கிக் கட்டவும் விடுவார். திருப்பூரில் கூலி வேலைக்கு ஏற்றபடிதான் போடப்படுகிறது. ஆணுக்கு இவ்வளவு, பெண்ணுக்கு இவ்வளவு என்று ஒப்பந்தத்தில் எழுதுவதில்லை. ஆனால் யாரை எந்த வேலையில் உட்கார வைக்கிறார்கள் என்பதில் அந்தப் பிரிவினை நடந்து முடிந்துவிடுகிறது. வருடக்கணக்கில் ஹெல்பராகவே இருப்பவளுக்கு அங்கே தங்க என்ன காரணம்? அவள் நின்றுவிடுகிறாள். முதலாளியின் பதிவேட்டில் இன்னொரு கல்யாணமான பெண் நின்றுவிட்டாள் என்று ஏறுகிறது. தான் உண்டாக்கியதையே தான் கண்டுபிடித்ததாக அவர் நம்புகிறார்.

மகப்பேற்றுச் செலவு என்ற வாதத்தையும் ஒருமுறை சோதித்துப் பார்க்கலாம். 2017 திருத்தத்துக்குப் பிறகு மகப்பேறு விடுப்பு 26 வாரம். அந்தக் காலத்துக் கூலியை ஆலைதான் சுமக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். மாதம் 21,000 ரூபாய் வரை கூலி வாங்கி இ.எஸ்.ஐ.யில் இருக்கும் தொழிலாளிக்கு அந்தத் தொகையைத் தருவது இ.எஸ்.ஐ. கார்ப்பரேஷன். மில்களிலும் பனியன் கம்பெனிகளிலும் தொழிலாளர்களில் பெரும்பாலோர் இந்த வரம்புக்குள் வருகிறார்கள். ஆலைக்கு உண்மையில் வரும் சிரமம், அந்த மாதங்களுக்கு மாற்று ஆள் தேடுவது. கேட்டை மூடும் அளவுக்குப் பெரிய சிரமம் அது இல்லை.

வயது கையை என்ன செய்கிறது?

வயதானால் வேகம் குறையும், தவறு கூடும் என்பது பலருக்குச் சந்தேகமே இல்லாத உண்மை. ஜெர்மனியில் ஒரு லாரி ஆலையின் அசெம்பிளி வரிசையில் இதை அளந்தார்கள் ஆக்செல் பேர்ஷ்-சூபனும் மத்தியாஸ் வைஸும். வரிசையின் வேகம் எல்லோருக்கும் ஒன்று. எனவே யார் எத்தனை தவறு செய்கிறார்கள், அந்தத் தவறு எவ்வளவு பெரியது என்பதே அளவுகோல். 2016-இல் வெளிவந்த அவர்களின் முடிவு: மூத்தவர்கள் சிறு தவறுகளைச் சற்றுக் கூடுதலாகச் செய்தார்கள், ஆனால் பெரிய சேதம் தரும் தவறுகளை அவர்கள் செய்வது அபூர்வம். மொத்தமாகக் கூட்டிப் பார்த்தால் 60 வயது வரை உற்பத்தித் திறனில் சரிவு தெரியவில்லை. நிலைமை சிக்கலாகும்போது எதை முதலில் கவனிக்க வேண்டும் என்று அனுபவம் சொல்லிக்கொடுக்கிறது. பல்லடம், சோமனூர், மங்கலம் பக்கத்து விசைத்தறிகளில் ஐம்பதைக் கடந்தவர்கள் தறி ஓட்டுவதையும், மூத்த பெண்கள் தார் சுற்றுவதையும் பார்த்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது. குடும்பத் தறியில் வயது தடையாக இல்லை. கூலிக்கு ஆள் எடுக்கும் கேட்டில்தான் தடையாகிறது.

மேற்பார்வைக்கு ஆண் என்ற நம்பிக்கையும் சோதிக்கப்பட்டிருக்கிறது. வங்கதேச ஆயத்த ஆடை ஆலைகளில் தொழிலாளர்களில் ஐந்துக்கு நான்கு பேர் பெண்கள். சூப்பர்வைசர்களில் இருபதுக்கு ஒருவர்தான் பெண். ரோக்கோ மக்கியாவெல்லோ, கிறிஸ்டபர் உட்ரஃப் உள்ளிட்டோர் பெண் ஆபரேட்டர்களுக்கும் ஆண்களுக்கும் ஒரே சூப்பர்வைசர் பயிற்சியைக் கொடுத்தார்கள். தொடக்கத்தில் பெண் சூப்பர்வைசர்களைத் தொழிலாளர்களே குறைவாக மதிப்பிட்டார்கள். சில மாதங்களில் அவர்களின் லைன்கள் ஆண்கள் நடத்திய லைன்களுக்கு ஈடாக ஓடின.

சட்டம் எட்டிய இடம், எட்டாத இடம்

1976-ஆம் ஆண்டின் சம ஊதியச் சட்டம் கூலியைப் பற்றியது என்றே பலர் நினைக்கிறார்கள். அதன் ஐந்தாம் பிரிவு ஆள் எடுப்பதிலும் பெண்களிடம் பாகுபாடு காட்டக் கூடாது என்றது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த ஊதியச் சட்டத் தொகுப்பும் ஆள் எடுப்பதில் பாலினப் பாகுபாட்டைத் தடுக்கிறது. நீதிமன்றங்களும் படிப்படியாக நடந்து வந்திருக்கின்றன. திருமணம் செய்ய எழுத்தில் அனுமதி வாங்க வேண்டும் என்ற வெளியுறவுப் பணி விதியை எதிர்த்து சி.பி. முத்தம்மா போட்ட வழக்கில், 1979-இல் உச்ச நீதிமன்றம் அத்தகைய விதிகளைக் கடுமையாகச் சாடியது. 1981-இல் நர்கீஸ் மிர்சா வழக்கில், முதல் கர்ப்பத்தோடு ஏர் இந்தியா விமானப் பணிப்பெண்ணை வேலையிலிருந்து நீக்கும் விதியை ரத்து செய்தது. வேலையில் சேர்ந்து நான்கு வருடத்துக்குள் கல்யாணம் செய்யக் கூடாது என்ற விதியை மட்டும் அப்போது விட்டுவிட்டது. பெண்களுக்கு ஆலையின் இரவு ஷிப்டை மறுத்த சட்டப் பிரிவை 2000 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் செல்லாது என்றது. பாதுகாப்பும் போக்குவரத்தும் தருவது ஆலையின் கடமை என்றும் விதித்தது.

வயதுக்கு இப்படி ஒரு காவல் இல்லை. அமெரிக்காவில் 1967 முதல் 40 வயது கடந்தவர்களைப் பாதுகாக்கச் சட்டம் இருக்கிறது. இந்தியாவில் தனியார் நிறுவனம் ஆள் எடுக்கும்போது வயதை வைத்துத் தள்ளுவதைப் பொதுவாகத் தடுக்கும் சட்டம் கிடையாது. இதனால் ஒரு விபரீதம் நிகழ்கிறது. 'திருமணமாகாத பெண்கள் மட்டும்' என்று எழுதினால் சட்டம் கேள்வி கேட்கலாம். 'வயது 18 முதல் 25 வரை' என்று எழுதினால் கேட்காது. நம் ஊர்களில் பெரும்பாலான பெண்களுக்கு 25-க்குள் கல்யாணம் முடிந்துவிடுகிறது. சட்டம் தொடாத அந்த எண், சட்டம் தடுத்த வேலையைச் செய்து முடிக்கிறது. நாட்டின் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் பெண்களில் 100-க்கு 43 பேர் தமிழ்நாட்டில் இருப்பதாக 2019-20 ஆண்டுத் தொழில் கணக்கெடுப்பு சொல்கிறது. அந்தப் பெருமைக்குப் பக்கத்தில் இந்தக் கேள்வியையும் வைக்க வேண்டும்: அவர்களுக்கு 35 வயதாகும்போது அந்த ஆலைகளில் இடம் இருக்குமா?

வரிசையை மாற்றினால்

நல்ல மனம் இருந்தால் போதும் என்று நாம் நினைக்கிறோம். எரிக் உல்மன், ஜெஃப்ரி கோஹன் இருவரும் 2005-இல் வெளியிட்ட சோதனை அந்த நம்பிக்கையை அசைத்தது. காவல்துறைத் தலைவர் பதவிக்கு ஓர் ஆண், ஒரு பெண். ஒருவருக்குத் தெரு அனுபவம் அதிகம், மற்றவருக்குப் படிப்பும் நிர்வாகமும் அதிகம். ஆணிடம் படிப்பு இருந்தபோது, இந்த வேலைக்குப் படிப்புதான் முக்கியம் என்றார்கள் தேர்வாளர்கள். ஆணிடம் படிப்பு இல்லாதபோது, படிப்பின் முக்கியத்துவத்தைக் குறைத்துவிட்டார்கள். முதலில் ஆளை முடிவு செய்துவிட்டு, பிறகு தகுதியை அதற்கேற்ப வரைந்தார்கள். தாங்கள் அப்படிச் செய்வதை அவர்கள் உணரவில்லை. தான் மிக நடுநிலையானவன் என்று நம்பிய ஆண்களிடம் இந்தச் சாய்வு கூடுதலாக இருந்தது. நம் ஆலைகளில் ரிங் ஃபிரேமின் திறமை ஒரு காலத்தில் ஆணின் உறுதியாகவும் இன்னொரு காலத்தில் பெண்ணின் விரலாகவும் மாறியதும் இதே வழியில்தான்.

சோதனையின் இன்னொரு பாதியில், விண்ணப்பங்களைப் பார்க்கும் முன்பே எந்தத் தகுதி முக்கியம் என்று எழுதித் தரச் சொன்னார்கள். சாய்வு மறைந்துவிட்டது. யாருக்கும் அறிவுரை சொல்லவில்லை, யார் மனதையும் திருத்தவில்லை. செய்யும் வேலைகளின் வரிசையை மாற்றியது மட்டுமே. ஐரிஸ் போனெட் குழுவினர் 2016-இல் காட்டியதும் இதற்கு அருகில் வரும்: ஒவ்வொருவரையும் தனித்தனியே பார்க்கும்போது ஆணா பெண்ணா என்பதில் மனம் சாய்கிறது, பலரை அருகருகே வைத்து அவர்கள் செய்த வேலையை ஒப்பிடும்போது அந்தச் சாய்வு வெகுவாகக் குறைகிறது.

இதற்கான அடித்தளம் கொங்கு நாட்டில் ஏற்கெனவே இருக்கிறது. திருப்பூரில் டெய்லரை எடுக்கும்போது சான்றிதழ் கேட்பதில்லை. மெஷினில் உட்கார வைத்து ஒரு பீஸ் தைக்கச் சொல்கிறார்கள். செய்து காட்டும் வேலையைப் பார்த்து எடுப்பதைவிட நம்பகமான தேர்வு முறைகள் குறைவு என்பதைப் பணித்தேர்வு ஆய்வுகள் பல பத்தாண்டுகளாகச் சொல்கின்றன. அதையே செக்கிங்குக்கும் சூப்பர்வைசருக்கும் நீட்டிக்கலாம். நோட்டீஸில் வயதும் பாலினமும் இருக்கும் இடத்தில், எத்தனை மணி நேரம் நிற்க வேண்டும், மணிக்கு எத்தனை பீஸ் பார்க்க வேண்டும், ஷிப்ட் எப்போது முடியும் என்று எழுதலாம். ஒரு டேமேஜ் கட்டைக் கொடுத்து எத்தனை குறையைக் கண்டுபிடிக்கிறார் என்று பார்க்கலாம். 45 வயதுக் கண் அதில் தேறினால் அந்தக் கண் போதும்.

கேட்டில் ஒரு பதிவேடும் வேண்டும். யார் வந்தார்கள், யாரை எடுத்தோம், எடுத்தவர் எத்தனை காலம் இருந்தார் என்று ஒரு வருடம் எழுதிவந்தால், தன் நம்பிக்கைகளில் எது உண்மை, எது கேள்விப்பட்டது என்று முதலாளிக்கே தெரிந்துவிடும். ஆள் பற்றாக்குறை என்று புலம்பி வடமாநிலங்களுக்கு ஏஜென்ட் அனுப்பும் கம்பெனிகள், பத்து கிலோமீட்டருக்குள் இருக்கும் எத்தனை பேரைத் தாங்களே திருப்பி அனுப்பினோம் என்று முதலில் கணக்கெடுக்க வேண்டும்.

விண்ணப்பம் அனுப்பிச் சோதிக்கும் முறை நம் மில் வாசல்களுக்குப் பொருந்தாது. இங்கே காகிதம் குறைவு. தெரிந்தவர் மூலமும் ஏஜென்ட் மூலமும்தான் ஆள் சேர்கிறது, கேட்டில் நிற்கும் வாட்ச்மேனே முதல் தேர்வாளராகிவிடுகிறார். ஆனால் சீனத்து விளம்பரங்களைப் படித்த முறை அப்படியே பொருந்தும். பல்லடம், திருப்பூர் கல்லூரிகளின் பொருளியல், புள்ளியியல் மாணவர்கள் இந்த நோட்டீஸ்களை ஒரு வருடம் படம் எடுத்து, வேலை, பாலினம், வயது, கூலி என்று அட்டவணை போட்டால், கொங்கு நாட்டில் எந்த வயதில் எந்தக் கதவு மூடுகிறது என்ற வரைபடம் முதல் முறையாகக் கிடைக்கும். அதற்குப் பெரிய பணமோ ஆய்வுக்கூடமோ தேவையில்லை. தொழிலாளர் துறையும் தொழிற்சங்கமும் கையில் எடுத்துப் பேச ஓர் ஆதாரம் அப்போது இருக்கும். வாசலிலிருந்து திரும்பும் பெண்ணுக்கும், குறை தன்னிடம் இல்லை, போட்ட கணக்கில்தான் இருக்கிறது என்று எண்களோடு எடுத்துச் சொல்ல முடியும். ஒரு கணக்கு தவறு என்று தெரிந்தபின் அதைத் திருத்தாமல் இருக்க யாருக்கும் நியாயம் இல்லை.